கொலஸ்ட்ரால், பித்த அமிலம், கொழுப்பு: உட்கரு ஏற்பிகளைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வுத்தாளிலும் சரி, மருந்துச் செய்திகளிலும் சரி, செல்லுக்குள் இருந்துகொண்டு மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும் புரதங்களான உட்கரு ஏற்பிகளைப் பற்றி ஒரு வாய்பாடு சுற்றிக்கொண்டே இருக்கிறது: எல்.எக்ஸ்.ஆர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும், எஃப்.எக்ஸ்.ஆர் பித்த அமிலத்தைக் குறைக்கும், பிபார் கொழுப்பை எரிக்கும். மனப்பாடம் செய்ய வசதியாகத்தான் இருக்கிறது. இதை நம்பி ஒரு மருந்து ஆய்வைப் படிக்க உட்கார்ந்தால்தான் சிக்கல். எஃப்.எக்ஸ்.ஆரைத் தூண்டும் மருந்து சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும். எல்.எக்ஸ்.ஆரைத் தூண்டினால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கும். உடல் எடையைக் கூட்டும் பிபார் மருந்து ஒன்று சர்க்கரையை இறக்கியிருக்கும்.

இவை முரண்பாடுகள் போலத் தெரிவதற்குக் காரணம், இந்த ஏற்பிகளை ரத்தப் பரிசோதனை அறிக்கையைச் சரிசெய்ய வந்தவை என்று நினைத்துக்கொள்வது. அவற்றுக்கு அந்த அறிக்கை தெரியாது. தாங்கள் இருக்கும் செல்லுக்குள் எது தேங்குகிறது, எது தீர்ந்துபோகிறது என்பது மட்டும்தான் தெரியும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது

ஏற்பி என்றதும் செல்லின் மேற்சவ்வை நினைப்பது இன்சுலின் பாடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். மனிதருக்கு உள்ள 48 உட்கரு ஏற்பிகளும் செல்லுக்குள்ளே இயங்கும் புரதங்கள். ஏற்பியின் ஒரு பகுதி துத்தநாக அணுக்களின் உதவியோடு டி.என்.ஏவைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பகுதியில் ஒரு பொந்து உண்டு. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு அதற்குள் வந்து உட்கார்ந்ததும் ஏற்பியின் கடைசிச் சுருள் மடங்கும், மரபணுவை அடக்கிவைத்திருந்த துணைப் புரதங்கள் கழன்றுகொள்ளும், தூண்டும் புரதங்கள் வந்து ஒட்டும்.

இதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. கார்டிசால் ஏற்பி சைட்டோபிளாசத்தில் காத்திருந்து, ஹார்மோன் வந்த பிறகு உட்கருவுக்குள் போகும். அதே கதையை எல்.எக்ஸ்.ஆருக்கும் எழுதிவிடுகிறார்கள். எல்.எக்ஸ்.ஆர், எஃப்.எக்ஸ்.ஆர், பிபார் எல்லாம் பெரும்பாலும் உட்கருவிலேயே இருப்பவை. மூலக்கூறு வராத நேரத்திலும் டி.என்.ஏமேல் உட்கார்ந்திருக்கக்கூடியவை. அப்போது சும்மாவும் இருப்பதில்லை. எல்.எக்ஸ்.ஆர் தன் இலக்கு மரபணுக்கள் சிலவற்றை அந்த நிலையில் அடக்கியே வைத்திருக்கும்.

பித்த அமிலங்களுக்குச் செல் சவ்வில் டி.ஜி.ஆர்5 என்று வேறோர் ஏற்பி இருக்கிறது. அது உட்கரு ஏற்பி அல்ல. வேகமும் வேறு, வழியும் வேறு. "பித்த அமில ஏற்பி" என்று மொட்டையாக எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது.

ஸ்ரெப்பையும் எல்.எக்ஸ்.ஆரையும் ஒன்றாக்குவது

கொலஸ்ட்ரால் கட்டுப்பாடு என்றால் முதலில் வரவேண்டிய பெயர் ஸ்ரெப்-2. ஆனால் அது உட்கரு ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. எண்டோபிளாச வலைச் சவ்வில் கட்டுண்டு கிடக்கும் புரதம் அது. அங்கே கொலஸ்ட்ரால் குறைந்தால் கோல்ஜிக்குப் போய், வெட்டப்பட்டு, வெட்டிய துண்டு உட்கருவுக்குள் நுழைந்து கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதிகளையும் எல்.டி.எல் ஏற்பியையும் கூட்டும். ஸ்டாட்டின் மருந்துகள் எல்.டி.எல்லைக் குறைப்பது இந்த வழியில்தான்: கல்லீரல் செல்லில் கொலஸ்ட்ரால் உற்பத்தி தடைபட, செல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுத்துக்கொள்கிறது.

எல்.எக்ஸ்.ஆர் எதிர்ப் பக்கத்துக் காவல். செல்லில் கொலஸ்ட்ரால் மிஞ்சும்போது விழிப்பது. அதுவும் கொலஸ்ட்ராலையே நேரடியாகப் பிடிப்பதில்லை. கொலஸ்ட்ரால் ஆக்ஸிஜனேற்றம் பெற்று உருவாகும் ஆக்ஸிஸ்டெரால்களைத்தான் பிடிக்கிறது. இது 1996இல் தெரியவந்தது. விழித்ததும் ஏ.பி.சி.ஏ1 என்ற ஏற்றுமதிப் புரதத்தைக் கூட்டி, மிஞ்சிய கொலஸ்ட்ராலை எச்.டி.எல் பக்கம் தள்ளுகிறது. இந்த ஏ.பி.சி.ஏ1 பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு டான்ஜியர் நோயே சாட்சி: ரத்தத்தில் எச்.டி.எல் கிட்டத்தட்ட இல்லாமலே போய், தொண்டைச் சதைகள் கொழுப்பு தேங்கி ஆரஞ்சு நிறமாகிவிடும்.

இதுவரை நல்ல பிள்ளைதான். ஆனால் அதே எல்.எக்ஸ்.ஆர் கல்லீரலில் ஸ்ரெப்-1சி என்ற மரபணுவையும் முடுக்கிவிடுகிறது. பெயரில் ஸ்ரெப்-2க்கு அண்ணன் தம்பி, வேலையோ கொழுப்பு அமிலம் தயாரிப்பது. செல்லின் பார்வையில் இது நியாயம்: மிஞ்சிய கொலஸ்ட்ராலை எஸ்டராக்கிப் பத்திரப்படுத்தக் கொழுப்பு அமிலம் வேண்டும். மருந்து தயாரிப்பவரின் பார்வையில் தலைவலி, ஏனென்றால் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கூடவே ஏறும்.

எஃப்.எக்ஸ்.ஆரைக் "கொலஸ்ட்ரால் மருந்துக் குறி" என்று எடுத்துக்கொள்வது

இந்தத் தவறைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இங்கேதான் பிடிபடுகிறது.

கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் செய்கிறது. முதல் படியையும் வேகத்தையும் தீர்மானிக்கும் நொதி சிப்-7ஏ1. பித்த அமிலம் குடலுக்குள் போய்க் கொழுப்பைக் கரைத்துக்கொடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ 95 சதவீதம் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. உடலில் மொத்தம் சில கிராம்தான் இருக்கிறது. அதுவே ஒரு நாளில் பலமுறை சுற்றி வருகிறது. மலத்தோடு வெளியேறும் சிறு அளவைத்தான் கல்லீரல் புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது. உடலிலிருந்து கொலஸ்ட்ரால் நிரந்தரமாக வெளியேறும் முக்கிய வாசல்களில் ஒன்று அந்தச் சிறு அளவு.

பித்த அமிலம் சோப்பு போன்ற குணமுள்ளது, செல்லில் தேங்கினால் சவ்வையே கரைக்கும். அதனால் எஃப்.எக்ஸ்.ஆருக்கு ஒரே கவலை, தேங்கவிடக் கூடாது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை செய்வதைத்தான் அது செய்கிறது. குடல் செல்லுக்குள் வரும் பித்த அமிலத்தை எஃப்.எக்ஸ்.ஆர் உணர்ந்ததும் எஃப்.ஜி.எஃப்-19 என்ற ஹார்மோன் வெளியாகிறது. அது ரத்தத்தில் கல்லீரலுக்குப் போய், அங்குள்ள எஃப்.ஜி.எஃப்.ஆர்-4 என்ற ஏற்பி வழியாக சிப்-7ஏ1ஐ அடக்குகிறது. கல்லீரலில் இருக்கும் எஃப்.எக்ஸ்.ஆர் தன் பங்குக்கு எஸ்.எச்.பி என்ற அடக்கும் புரதத்தைக் கூட்டுகிறது; சேர்ந்த அமிலத்தைப் பித்த நாளத்துக்குள் தள்ளும் பம்பையும் கூட்டுகிறது. கல்லீரலை மட்டும் எழுதிவிட்டுக் குடலை விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடப்பது. சிப்-7ஏ1ஐ அடக்குவதில் குடலிலிருந்து வரும் செய்தியின் பங்கு பெரிது.

இப்போது யோசித்துப் பாருங்கள். எஃப்.எக்ஸ்.ஆரை மருந்தால் தூண்டினால் சிப்-7ஏ1 படுத்துவிடும். கொலஸ்ட்ரால் பித்த அமிலமாக மாறுவது குறையும். கல்லீரல் செல்லில் கொலஸ்ட்ரால் மிஞ்சும், எல்.டி.எல் ஏற்பிகள் குறையும், ரத்தத்தில் எல்.டி.எல் ஏறும். ஒபெடிகோலிக் அமிலம் என்ற இத்தகைய மருந்தை எடுத்தவர்களிடம் கண்டது இதுதான். பித்தக்கல்லைக் கரைக்கக் கீனோடீஆக்ஸிகோலிக் அமிலம் கொடுத்த காலத்திலேயே எல்.டி.எல் ஏறுவது பதிவாகியிருந்தது. அந்த அமிலம்தான் எஃப்.எக்ஸ்.ஆரை வலுவாகத் தூண்டும் இயற்கை மூலக்கூறு என்பது 1999இல்தான் தெரிந்தது.

எதிர்த்திசையிலும் பார்க்கலாம். கொலஸ்டிரமின் என்ற பிசின் மருந்து ரத்தத்துக்குள் போவதே இல்லை. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். திரும்பி வரும் அமிலம் குறைகிறது, எஃப்.எக்ஸ்.ஆர் அடங்குகிறது, சிப்-7ஏ1 எழுகிறது, கொலஸ்ட்ரால் செலவாகிறது, எல்.டி.எல் இறங்குகிறது. சிலருக்கு டிரைகிளிசரைடு ஏறுவதும் இதன் தொடர்ச்சிதான், ஏனென்றால் எஃப்.எக்ஸ்.ஆர் விழித்திருக்கும்போது டிரைகிளிசரைடை அடக்கி வைக்கும்.

அப்புறம், பித்த அமிலங்கள் எல்லாம் ஒன்றே என்று எழுதுவதும் இதே இடத்தில் வரும் பிழை. கீனோடீஆக்ஸிகோலிக் அமிலம் எஃப்.எக்ஸ்.ஆரைத் தூண்டும், வடிவில் அதற்கு மிக நெருங்கிய அர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம் கிட்டத்தட்ட தூண்டுவதே இல்லை. குடல் பாக்டீரியா தயாரிக்கும் லித்தோகோலிக் அமிலமோ வைட்டமின் டி ஏற்பியையும் பி.எக்ஸ்.ஆர் என்ற இன்னோர் உட்கரு ஏற்பியையும் தட்டி எழுப்பும். கல்லீரல் நோய்க்குப் பயன்பட்டதால் எஃப்.எக்ஸ்.ஆர் மருந்து கல்லீரலுக்கு எப்போதும் நல்லது என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஒபெடிகோலிக் அமிலத்தை முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குதல்) உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் கட்டுப்பாடு விதித்தது, காரணம் கல்லீரலே மோசமாகச் சேதமானது.

எலியில் கண்டதை மனிதர் தலையில் ஏற்றுவது

எலிக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி போட்டால் அதன் கல்லீரலில் எல்.எக்ஸ்.ஆர் சிப்-7ஏ1ஐக் கூட்டி, மிகுதியைப் பித்த அமிலமாக்கி வெளியேற்றிவிடும். எல்.எக்ஸ்.ஆர்-ஆல்ஃபா இல்லாத எலியின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் குவிந்துவிடும். அழகான ஆய்வு. ஆனால் மனிதரின் சிப்-7ஏ1 மரபணுவில் எல்.எக்ஸ்.ஆர் உட்காரும் அந்த இடம் இல்லை. பாடப்புத்தகச் சுருக்கங்கள் பலவற்றில் இந்த எலிப் பாதை மனிதர் படத்தில் இன்னும் வரையப்பட்டுக் கிடக்கிறது.

எலி ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல்லில் பயணிக்கிறது, அதை எல்.டி.எல் பக்கம் மாற்றும் சி.இ.டி.பி புரதம் எலிக்குக் கிடையாது. மனிதருக்கு உண்டு, அதையும் எல்.எக்ஸ்.ஆர் கூட்டும். எலியில் பளிச்சென்று வேலை செய்த எல்.எக்ஸ்.ஆர் மருந்துகள் மனிதரிடம் எல்.டி.எல்லையும் டிரைகிளிசரைடையும் ஏற்றியதில் ஆச்சரியமில்லை. பித்த அமிலங்களும் வேறு: எலியில் மிகுதியாக உள்ள மியூரிகோலிக் அமிலங்கள் எஃப்.எக்ஸ்.ஆரைத் தடுக்கக்கூடியவை. எலி ஆய்வு வீண் என்று சொல்லவில்லை. "எலியில்" என்ற ஒரு சொல்லைத் தலைப்பிலேயே போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பிபாரை ஒரே ஆளாக நினைப்பது

பிபார் மூன்று. ஆல்ஃபா பட்டினியின்போது கல்லீரலில் கொழுப்பு அமிலத்தை எரிக்கவும் கீட்டோன் தயாரிக்கவும் வைக்கிறது. காமா கொழுப்புத் திசுவில் கொழுப்பைச் சேமிக்க வைக்கிறது. டெல்டா தசை உட்படப் பல இடங்களில் எரிக்கும் பக்கம் நிற்கிறது. "பிபார் கொழுப்பை எரிக்கும்" என்பது காமாவுக்கு நேர்த் தலைகீழ்.

காமா கொழுப்பைச் சேர்ப்பதால் அதைத் தடுத்தால் நல்லது என்று தோன்றும். அந்த மரபணு பழுதானவர்களுக்குக் கை, கால், இடுப்புப் பகுதியில் தோலடிக் கொழுப்பு குறைந்து, கல்லீரலில் கொழுப்பு படிந்து, இன்சுலின் எதிர்ப்பு வந்துவிடுகிறது. கொழுப்பு சேர வேண்டிய இடத்தில் சேராவிட்டால் சேரக்கூடாத இடத்தில் சேரும். காமாவைத் தூண்டும் சர்க்கரை நோய் மருந்தான பயோகிளிட்டசோன் எடையைக் கூட்டியபடியே சர்க்கரையைக் குறைப்பதன் ரகசியம் இதுதான்.

இவர்கள் யாரும் தனியாக வேலை செய்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்.எக்ஸ்.ஆர், எஃப்.எக்ஸ்.ஆர், பிபார் அனைவருக்கும் ஆர்.எக்ஸ்.ஆர் என்ற ஒரே ஜோடிதான். அந்த ஜோடியைத் தூண்டினாலே இவையும் விழிக்கும். தோல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெக்சரோடீன் ஆர்.எக்ஸ்.ஆரைத் தூண்டுவது, அதை எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு டிரைகிளிசரைடு எகிறுவதால் கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் கூடவே தேவைப்படுகிறது.

எண் மாறினால் நோய் மாறும் என்று முடிவுகட்டுவது

பெமாஃபைப்ரேட் பிபார்-ஆல்ஃபாவைத் தேர்ந்து தூண்டும் மருந்து. சர்க்கரை நோயும் உயர்ந்த டிரைகிளிசரைடும் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ப்ராமினென்ட் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. டிரைகிளிசரைடு மருந்துப்போலியோடு ஒப்பிட ஏறத்தாழ 26 சதவீதம் இறங்கியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை. எல்.டி.எல்லும், ரத்தக்குழாயில் படியும் துகள்களின் கணக்கைக் காட்டும் அப்போ-பியும் ஏறியிருந்தன. மருந்து டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களை எல்.டி.எல்லாக மாற்றியதே தவிர, துகள்களை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்தவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இந்த ஏற்பிகளைத் தொடும் எந்த மருந்தின் செய்தியைப் படித்தாலும் டிரைகிளிசரைடு வரியோடு நிறுத்தாமல் அப்போ-பி வரியையும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது அட்டவணையின் கீழ்க்கோடியில் இருக்கும்.