முதலில் பிளக், அப்புறம் கார்

வெளிநாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆனதும் வீட்டில் கார் பேச்சு தொடங்கிவிடும். மளிகைப் பைகளோடு பஸ் ஏறி இறங்கி அலுத்துப் போயிருக்கும். அலுவலகத்தில் பாதிப் பேர் எலெக்ட்ரிக் காரில் வருகிறார்கள், பெட்ரோல் செலவே இல்லை என்கிறார்கள். சரி, நாமும் அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்கலாம்தான். ஆனால் எந்தக் கார், என்ன விலை என்று தேட உட்காருவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: இரவில் கார் நிற்கும் இடத்தில் கரண்ட் இருக்கிறதா?

நான் அதைப் பார்க்காமல் வாங்கினேன். அப்போது இருந்தது அடுக்குமாடி வாடகை வீடு, பார்க்கிங் தெருவில். வாரத்துக்கு இரண்டு தடவை பொது சார்ஜருக்குப் போய், முக்கால் மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெட்ரோல் காருக்கு ஆகும் செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அடுத்த வருடம் சொந்தப் பார்க்கிங் உள்ள வீட்டுக்கு மாறினோம். சுவரில் ஒரு பிளக்கும் இருந்தது. அதே கார், அதே தூரம். செலவு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. மின் கட்டண பில்லில் கிலோவாட் மணி என்று போட்டிருப்பது நாம் யூனிட் என்று சொல்வதேதான். நடுத்தர அளவு எலெக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டருக்கு 15, 16 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும், மீட்டர் அதையும் சேர்த்துத்தான் ஓடும். ஆகவே 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிறது என்றால், ஒரு லிட்டர் ஓட்டும் தூரத்தை 3 யூனிட் ஓட்டுகிறது. அவ்வளவுதான். நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை மூன்றால் வகுங்கள். ஒரு யூனிட் அதைவிட மலிவாகக் கிடைத்தால் எலெக்ட்ரிக் காரில் மிச்சம் உண்டு. கிடைக்காவிட்டால் இல்லை. குறைவாகக் குடிக்கும் ஹைப்ரிட் காரோடு ஒப்பிடுவதானால் நான்கால் வகுங்கள். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு இதுதான்.

வீட்டுக் கட்டணம் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழே வரும். நெடுஞ்சாலை ஓரத்து அதிவேக சார்ஜர் பல நேரம் மேலே போய்விடும். வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குவது சாதாரணம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 180 யூனிட். அதை எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதுதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும். மின் நிறுவனத்தில் இரவு நேரச் சலுகைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். யூனிட் கூடக்கூட விலையும் கூடும் படிக்கட்டு முறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த 180 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம்.

சுவர் பிளக் போதுமா?

பலருக்குப் போதும். 230 வோல்ட் நாடுகளில் 10 ஆம்பியர் பிளக்கில் 2.3 கிலோவாட் ஏறும். இரவு 12 மணி நேரம் விட்டால் 27 யூனிட், வீண் போனது கழித்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது தாராளம். வட அமெரிக்காவின் 120 வோல்ட் பிளக்கில் 1.4 கிலோவாட்தான் கிடைக்கும், தூரமும் அந்த அளவுக்குக் குறையும். சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் 60 யூனிட் பேட்டரியை ஒன்பது மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். சொந்த வீடு என்றால் அதைப் போடுங்கள். இன்னும் ஒரு வருடத்தில் மாறப்போகிற வாடகை வீட்டில் உங்கள் காசைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போக வேண்டாம்.

சாதாரண பிளக்கிலேயே ஓட்டுவதானால் ஒரு எச்சரிக்கை. கெட்டில் மூன்று நிமிடம் ஓடும், கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய சாக்கெட், தளர்ந்த வயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் அந்தச் சூட்டில் உருகும். எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் கழற்றிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. கராஜில் உள்ள சாக்கெட் பொது மீட்டரில் இணைந்திருந்தால் மாதம் இவ்வளவு என்று பேசி அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒருவர் கேட்காமல் பொது சாக்கெட்டில் போட்டுவிட்டார். மூன்று மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது மாதம் மொத்தமாக ஒரு கடிதம் வந்தது. புதிதாக வந்த இடத்தில் அக்கம்பக்கத்தாரோடு அப்படித் தொடங்குவது நல்லதல்ல. வீட்டில் வழியே இல்லை, ஆனால் அலுவலகத்தில் சார்ஜர் இருக்கிறது என்றால் வாங்கலாம். அதுவும் இல்லை என்றால் ஒரு வருடம் பழைய பெட்ரோல் காரே ஓட்டுங்கள். யார் கேலி செய்தாலும் சரி.

வெளியே சார்ஜ் போடும்போது

பொது சார்ஜர் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப் இருக்கும். இரண்டு, மூன்றை வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்து, உள்ளூர் வங்கி அட்டையையும் சேர்த்து வையுங்கள். மழையில், சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல அது. கட்டணம் யூனிட்டுக்கா, நிமிடத்துக்கா என்று பாருங்கள். மெதுவாக ஏற்றிக்கொள்ளும் காருக்கு நிமிடக் கட்டணம் நஷ்டம். சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்காமல் நின்றால் பல இடங்களில் தனிக் கட்டணம் விழும்.

80 சதவீதத்தோடு கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் பேட்டரியைக் காப்பாற்ற காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதம் முந்தைய 50 சதவீதத்துக்கு ஆன நேரத்தைத் தின்றுவிடும்.

பிளக் வகையும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் டைப் 2, அதோடு அதிவேகத்துக்கு சிசிஎஸ். வட அமெரிக்கா டெஸ்லாவின் பிளக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் சாடெமோ, சீனாவில் அவர்களுக்கென்று தனி. பழைய நிசான் லீஃப் மலிவாக வருகிறதே என்று ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள், அதில் இருப்பது சாடெமோ. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அந்த பிளக் உள்ள சார்ஜர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஊருக்குள் மட்டும் ஓட்டுவதற்கு அந்தக் கார் பரவாயில்லை.

குளிர்

குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களை இது ஒன்று நிச்சயம் ஏமாற்றும். விளம்பரத்தில் 400 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பியச் சோதனை முறையான டபிள்யூஎல்டிபி 23 டிகிரியில், சராசரியாக மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் ஆய்வகத்தில் நடப்பது. நீங்கள் ஓட்டப்போவது உறைபனியில், நெடுஞ்சாலையில், 120-ல். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது, அந்த வெப்பத்தில்தான் காரின் உட்புறம் சும்மா சூடாகிறது. எலெக்ட்ரிக் மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை என்பதால் ஹீட்டருக்கும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். கடும் குளிரில் தூரம் கால் பங்குக்கு மேல் குறைவது சகஜம். நின்று நின்று போகும் குறுகிய பயணங்களில் இன்னும் மோசம், ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த காரை முதலிலிருந்து சூடாக்க வேண்டுமே.

வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து, குறைந்த கரண்டில் சூடேற்றும் ஹீட் பம்ப் உள்ள காராகப் பாருங்கள். காலையில் பிளக்கில் இருக்கும்போதே ஆப்பில் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள், பேட்டரிக்குச் செலவில்லை. சீட் சூடேற்றிக்கு ஆகும் கரண்ட் ஹீட்டரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதிவேக சார்ஜருக்குப் போகும்போது அதையே காரின் வழிகாட்டியில் இலக்காகக் கொடுங்கள். பல கார்கள் போகிற வழியிலேயே பேட்டரியைச் சூடேற்றித் தயாராக்கும். இல்லாவிட்டால் உறைந்த பேட்டரி கரண்டை ஏற்காமல் அடம்பிடிக்கும்.

வாங்கும்போது

புதிதாக வந்தவருக்கு அந்த நாட்டில் கடன் வரலாறு இருக்காது. லீஸ் மறுக்கலாம், வட்டி அதிகம் போடலாம். ஆகவே பலர் செகண்ட் ஹேண்டுக்குத்தான் போகிறார்கள். அதில் தவறே இல்லை, முதல் மூன்று வருட விலை வீழ்ச்சியை வேறு யாரோ சுமந்திருப்பார். கிலோமீட்டரைவிட பேட்டரியின் மிச்ச ஆரோக்கியத்தைப் பாருங்கள். அதற்கான சோதனை அறிக்கை கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன, எது முந்துகிறதோ அதுவரை. அதில் எவ்வளவு மிச்சம் என்பது விலையில் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் பழைய ரெனோ ஸோயி வாங்குகிறவர்கள் பேட்டரி காரோடு சேர்ந்ததா, மாத வாடகைக்கா என்று கட்டாயம் கேளுங்கள். காரை மட்டும் விற்று பேட்டரியை வாடகைக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது.

அரசு மானியம் பற்றி, வந்து பத்து வருடமான அண்ணன் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அவர் வாங்கியபோது இருந்தது உண்மைதான். ஜெர்மனி 2023 டிசம்பரில் மானியத்தை நிறுத்தியது. நியூசிலாந்து 2024 ஏப்ரலில் இருந்து எலெக்ட்ரிக் கார்களிடமும் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் வாங்குகிறது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் சாலை வரி விலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்க மத்திய அரசின் வரிச் சலுகை 2025 செப்டம்பரோடு முடிந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அரசின் இணையதளத்தில் இன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

இன்சூரன்ஸ்தான் பலரைக் கவிழ்க்கும். எலெக்ட்ரிக் காருக்குப் பழுது பார்க்கும் செலவு அதிகம் என்பதால் கட்டணமும் பெரும்பாலும் அதிகம். அதன் மேல் நீங்கள் புது ஓட்டுநராகக் கணக்கிடப்படுவீர்கள். முன்பு இருந்த நாட்டின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம், இத்தனை வருடம் விபத்துக் கோரிக்கை இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எல்லா நிறுவனமும் ஏற்காது, ஏற்பதைத் தேடிப் பிடிக்கலாம். கார் முடிவாவதற்கு முன்பே அந்த மாடலுக்கு விலை கேட்டுப் பாருங்கள்.

பராமரிப்பு கொஞ்சம்தான். எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் நீண்ட நாள் வரும்; சும்மா இருந்து துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கள். டயர் மட்டும் சீக்கிரம் தேயும், கார் கனம் அப்படி. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் கெடலாம். மேலே ஏற்றிக் கொண்டுபோகும் வண்டியைக் கேளுங்கள்.

விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்களா? பேட்டரியை நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள், பாதி அளவில் விடுங்கள். பாதுகாப்பு கேமரா விழித்திருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், ஆப்பைத் திறந்து திறந்து காரை எழுப்பவும் வேண்டாம். இந்தக் காரிலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கதவும் திரையும் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தும் சின்னது செத்துப்போய்க் கதவே திறக்காமல், பெட்டிகளோடு காருக்கு வெளியே நின்றிருக்கிறேன். சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியால் கதவைத் திறப்பது எப்படி என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு தடவை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.