குழந்தைகள் நலப் பணியிலிருந்து ஓய்வு பெறுபவரைப் பாராட்டுவது எப்படி?

ஆதரவற்ற குழந்தைகளுக்காகவும், வழக்குகளில் சிக்கிய இளையோருக்காகவும், சிதறும் நிலையில் இருந்த குடும்பங்களுக்காகவும் தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்ட ஓர் அலுவலர் ஓய்வு பெறும்போது, பாராட்டு மடல் எழுதும் பொறுப்பு பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் யாரேனும் ஒருவரிடம் வந்து சேர்கிறது. அவசரத்தில் எழுதப்படும் அந்த மடலில் ‘தன்னலமற்ற சேவை’, ‘ஓயாத உழைப்பு’ போன்ற சொற்கள் நிறைந்திருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அதை எந்தத் துறையில் ஓய்வு பெறுபவருக்கும் வாசித்துவிடலாம். இதைத் தவிர்க்க விரும்புவோர் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

இப்பணியின் வெற்றி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே முதல் சிக்கல். பாலம் கட்டிய பொறியாளருக்குச் சான்றாகப் பாலம் நிற்கிறது. குழந்தைகள் நல அலுவலரின் சாதனைகளோ பெரும்பாலும் நடக்காமல் போனவை: பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படாத குழந்தை, இரண்டாவது முறை கைதாகாத இளைஞன், பாதியில் நின்றுவிடாத படிப்பு. ஆகவே, அவரோடு பணியாற்றியவர்களிடம் ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காமல், ‘அவர் வந்த பிறகு இந்த அலுவலகத்தில் எது மாறியது?’ என்று கேளுங்கள். உடன்பிறந்தவர்களை ஒரே குழந்தைகள் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று அவர் விடாமல் வலியுறுத்தியிருக்கலாம். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரை மாலையில் சந்திக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கலாம். அறிக்கைகளில் சிறுவர்களைக் ‘குற்றவாளி’ என்று குறிப்பிடக் கூடாது என இளைய அலுவலர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இத்தகைய மாற்றங்களே மடலின் உடலாக அமைய வேண்டும். பணியில் சேர்ந்த நாள், வகித்த பதவிகள், அவரிடம் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பணிப்பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பதிவேடு உறுதிசெய்யாத ‘ஆயிரக்கணக்கான குழந்தைகள்’ என்ற தொடரைக் கைவிடுங்கள். மிகைப்படுத்திய எண் அவர் உண்மையில் செய்த வேலையின் மதிப்பைக் குறைத்துவிடும்.

‘குழந்தைகள் மீது அளவற்ற அன்பு கொண்டவர்’ என்ற வாக்கியம் வாசிப்பவர் மனத்தில் எதையும் எழுப்பாது. ‘விசாரணைக்கு வரும் குழந்தையின் முன் முதலில் தரையில் அமர்ந்து, அது பேசத் தொடங்கும் வரை கோப்பைத் திறக்காதவர்’ என்ற வாக்கியமோ அந்த அன்பைச் சொல்லாமலே காட்டிவிடும்.

அடுத்தது, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது: ஒருவரின் பெருமையைச் சொல்வதற்காகக் குழந்தைகளின் வாழ்க்கையை மேடையேற்றக் கூடாது. 1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தில் முறையற்ற தலையீடு கூடாது என்கிறது. இளையோர் நீதி தொடர்பாக 1985-இல் அதே பொதுச்சபை ஏற்ற பெய்ஜிங் விதிகளின் 8-ஆவது விதி, சிறார் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவல் எதையும் வெளியிடலாகாது என்பதைக் கொள்கையாகவே வகுத்திருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பள்ளி, ஆண்டு, தந்தையின் தொழில் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த ஊரார் ஆளை எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள். தற்போது இல்லத்தில் இருக்கும் குழந்தைகளைப் பூங்கொத்து கொடுக்கவோ பாடவோ அழைக்கவே வேண்டாம். தங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அலுவலகம் கேட்கும்போது ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வரும்? அப்படி அழைத்து வரப்பட்ட ஒரு சிறுவன் கூட்டத்தைப் பார்க்காமல் தலை குனிந்தே நின்றதைக் கண்ட நாளிலிருந்து, இதில் விதிவிலக்குக்கு இடமில்லை என்றே கருதுகிறேன்.

வளர்ந்துவிட்டவர்கள் தாமாகப் பேச விரும்பினால் அது வேறு. ஆனால் அவர்களைத் தேடிப் பழைய கோப்புகளைத் திறப்பது முறையல்ல. தாமே தொடர்பில் இருப்பவர்களிடம் மட்டும், மறுத்தாலும் யாரும் வருந்த மாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பெயருடன் வருவதா, பெயரின்றி ஒரு கடிதம் தருவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். எழுதியதை விழா நாள் காலையில்கூடத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

விழாவைவிட முக்கியமான ஒரு விடைபெறுதல் உண்டு. தற்போது அவருடைய பொறுப்பில் இருக்கும் குழந்தைகளில் பலர், பெரியவர்கள் சொல்லாமல் விட்டுப் போவதை ஏற்கெனவே அனுபவித்தவர்கள். அவர் செல்லும் நாளைச் சில வாரங்களுக்கு முன்பே அவர்களிடம் அவரே சொல்ல வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவரை உடன் அழைத்துச் சென்று ஓரிரு முறை சேர்ந்து சந்திக்க வேண்டும். ‘அடிக்கடி வருவேன்’ என்ற வாக்குறுதியைத் தரக் கூடாது. இதற்கு வேண்டிய நேரத்தை அவருடைய கடைசி மாதப் பணிகளில் ஒதுக்கித் தருவதே மேலதிகாரிகள் அவருக்குச் செய்யக்கூடிய உயர்ந்த மரியாதை என்று நினைக்கிறேன்.

மடலை முடிக்கும் முன், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவரிடமே கேளுங்கள். எவ்வளவு முயன்றும் காப்பாற்ற முடியாமல் போன ஒரு குழந்தையின் நினைவு இத்துறையில் நெடுங்காலம் இருந்தவர்கள் பலரின் நெஞ்சில் இருக்கும். வெற்றிகளை மட்டுமே அடுக்கும் உரை அவரைத் தனிமைப்படுத்திவிடும். நள்ளிரவு அழைப்புகளால் உறக்கம் கலைந்த அவருடைய குடும்பத்தாருக்கும் மடலில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

நிகழ்ச்சி சுருக்கமாக இருக்கட்டும். வாழ்த்துரைகள் நான்கு போதும். அவற்றுள் ஒன்று அலுவலக உதவியாளருடையதாகவோ ஓட்டுநருடையதாகவோ இருந்தால் நல்லது, ஏனெனில் கள ஆய்வுக்கு உடன் சென்றவர்கள் அவர்கள்தாம். ஏற்புரைக்கு நேரம் குறிக்க வேண்டாம். நினைவுப் பரிசு வாங்குவதற்கு முன் அரசு ஊழியர்கள் பரிசு பெறுவது குறித்த விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடன் பணியாற்றியவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களைத் தொகுத்துக் கட்டித் தந்தால் அந்தத் தயக்கமே எழாது.

ஓய்வு பெற்ற பின், அவர் இசைந்தால், மூன்று நான்கு அமர்வுகளில் அவருடைய அனுபவங்களை ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த வீட்டில் எப்படிக் கதவைத் தட்டினார், கோபத்தில் இருந்த தகப்பனிடம் முதல் சொல்லாக எதைச் சொன்னார் என்பவை எந்தக் கோப்பிலும் இருக்காது. பெயர்களையும் இடங்களையும் நீக்கிய படியை மட்டும் புதியவர்களின் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, மூல ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பதிவைத் தொடங்கும் முன்பே அவருடன் பேசி எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.