ஊருக்கு வருவோர் கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் எதைப் பார்க்கலாம்

ஜூலை, ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறவர்கள் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலைப் பொழுதை, பழங்காலக் குடியிருப்பு ஒன்றைத் தோண்டியெடுக்கும் கீழடிக்கு ஒதுக்குங்கள். ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டி, மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தூரம்தான். அகழாய்வுப் பணி பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியில் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் நிற்கும். அதனால் உங்கள் விடுமுறை பணிக்காலத்தோடு ஒத்துப்போக வாய்ப்புண்டு. டிசம்பரில் வந்தால் மழைக்காகக் குழிகளை மூடியிருப்பார்கள்; அப்போது அருங்காட்சியகம்தான். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட இது, செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் கட்டப்பட்டது.

உள்ளே போனதும் பலரும் பொன் அணிகலன் இருக்கும் பக்கம் போய்விடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் சுடுமண் சில்லுகளிடம் நில்லுங்கள். உடைந்த பானையோட்டை வட்டமாகத் தேய்த்து விளையாட்டுக்கு ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பகடைக்காய், நூல் நூற்கும் தக்களி, எலும்பில் செய்த கூர்முனைகள். ஊரிலிருக்கும் அப்பத்தாவையோ அம்மாச்சியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். சில்லு எறிந்து பாண்டி ஆடியவர்களுக்கும் தக்களியைக் கண்டவர்களுக்கும் விளக்கப் பலகை தேவையில்லை. பிள்ளைகளுக்கு அவர்களே நல்ல வழிகாட்டிகள்.

அடுத்து எழுத்துள்ள பானையோடுகள். 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியில் கீறிய பெயர்கள் அவற்றில் உள்ளன. சாமான்யப் புழக்கத்துக்கான பானையில் பெயர் கீறியிருப்பதால், எழுத்து அரண்மனையோடு நின்றுவிடவில்லை என்று தெரிகிறது. எனக்கு இதுவே கீழடியின் பெரிய செய்தி. ஆய்ந்த விலங்கு எலும்புகளில் பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு. கால்நடையோடு கூடிய வாழ்க்கை. செங்கல் கட்டடமும், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறும் கொண்ட குடியிருப்பு அது.

"இவ்வளவு பழையது என்று எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாதீர்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள்; கரியில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைச் சொல்லும் கரிமக் காலக் கணிப்பில் கி.மு. 580 என வந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அதை வெளியிட்டது. 'உலகிலேயே முதல்' என்ற பெருமைப் பேச்சு வேண்டாம். கரித்துண்டின் கதையே பிள்ளைகளை ஈர்க்கப் போதும்.

அருகிலேயே கொந்தகை, அந்த மக்களின் இடுகாடு. அங்கே முதுமக்கள் தாழிகளில், அதாவது இறந்தோரைப் புதைத்த பெரிய பானைகளில், கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் முகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தப் படங்களைப் போகும் வழியில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர் என்ற பழங்கால இடுகாடு. 2023இல் அங்கே களத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடித் தளத்தின்மேல் நின்று, தாழிகளைப் புதைந்த இடத்திலேயே பார்க்கலாம். 1876இல் ஜெர்மானியர் யாகோர் இங்கே தோண்டி எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. விமானம் சென்னையில் இறங்கினால் எழும்பூரை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை அது மூடியிருக்கும். மற்ற இரண்டுக்கும் வார விடுமுறை நாளை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பியும் தண்ணீரும் மூடிய காலணியும் அவசியம். இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்தில் அதற்கு இந்தியருக்கு நிகரான சலுகை உண்டு.

இந்த இடங்களில் மழை கரைத்த மேட்டில் பானையோடுகள் காலில் படும். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் ஓடு வெறும் ஓடுதான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றமும்கூட. நூறாண்டைத் தாண்டியதென்றால் தாத்தா வீட்டு வெண்கலச் சிலைக்கும் குத்துவிளக்குக்கும் இது பொருந்தும். அவ்வளவு பழையதல்லாத பொருளை எடுத்துப்போவதாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை மத்தியத் தொல்லியல் துறையிடம் பயணத்துக்குச் சில வாரம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.