போதையை விட்ட முதல் வருஷம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், போதையை விட்டவர்கள் கூடிப் பேசும் எங்கள் செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு வந்த பையனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். விட்டு அறுபது நாள். மீட்டிங் முடிந்ததும் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே போனைக் காட்டினான். பைக் லோன் கிடைத்திருந்தது. "காலையில கம்பெனி, ராத்திரி டெலிவரிண்ணே. ஆறே மாசத்துல எல்லாக் கடனையும் அடைச்சுடுவேன். இனிமே இங்க வர்றதுதான் கஷ்டம்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2006-இல் நான் பேசிய அதே வசனம்.

பழைய கூட்டாளிகளோடு சேராதே, பொட்டலம் விற்கும் தெருப் பக்கம் போகாதே என்பதையெல்லாம் போதை மீட்பு சென்டரிலேயே காது புளிக்கச் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வீட்டில் பூட்டிவைத்து நிறுத்துவது

பிரவுன் சுகரை (ஹெராயின்) நிறுத்தினால் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் முறுக்கும், வயிற்றால் போகும். குடியும் தூக்க மாத்திரையும் வேறு கதை. வருஷக்கணக்காக எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டிய விஷயம் இது. அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் உட்காருவது வைத்தியம் ஆகாது.

பீர் மட்டும்

கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் பார்ப்பது

இதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

விட்ட புதிதில் கூச்சம் பிடுங்கித் தின்னும். அம்மா பீரோ சாவியை இன்னும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்குவார். தங்கை குளிக்கப் போகும்போது பர்ஸையும் எடுத்துக்கொண்டு போவாள். பணத்தைக் கொண்டுவந்து கொட்டினால்தான் இந்தப் பார்வை மாறும் என்று தோன்றும். நான் ஒரு நூறு பக்க நோட்டில் கடன்காரர்கள் பெயரை எழுதினேன். இருபத்து மூன்று பேர். முதல் வரியில் அம்மாவின் நாலு சவரன் செயின். நான் திருடி வண்ணாரப்பேட்டையில் அடகு வைத்தது. வட்டியோடு 22,400 ரூபாய்.

பகலில் மாமாவின் லேத்துப் பட்டறை, இரவில் ஆட்டோ. தூக்கம் நாலு மணி நேரம். மீட்டிங் வாரம் ஒன்றாகக் குறைந்து, பிறகு அதுவும் நின்றது. வீட்டில் ஒரே பூரிப்பு: "பையன் எப்படி உழைக்கிறான் பாரு!" என் ஸ்பான்சர், அதாவது எனக்கு முன்பே போதையை விட்டு எனக்கு வழிகாட்டியவர், மட்டும் போனில் கேட்பார்: "சாப்டியா? தூங்கினியா? யார்கிட்டயாவது பேசினியா?" பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலையும் முற்ற விடாதே என்பது எங்கள் கூட்டத்தில் அரிச்சுவடி. எனக்கு நாலும் இருந்தது. "பிசியா இருக்கேன் சார்" என்று வைத்துவிடுவேன்.

112-ஆவது நாள் சீட்டுப் பணம் வந்தது. செயினை மீட்கத் தனியாகப் போனேன். அம்மா கையில் திடீரென்று வைத்து அசத்த வேண்டுமாம். மணி ஒன்றேகால். அடகுக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம், மூன்று மணிக்கு வா என்றார்கள். சட்டைப் பையில் பணம், பேன்ட் பையில் தொண்ணூறு நாள் எடுக்காமல் இருந்ததற்கு மீட்டிங்கில் வாங்கிய சிவப்பு கீ டேக். முந்தின இரவு கண் மூடவில்லை, காலையில் வெறும் டீ. பழைய இடம் அங்கிருந்து எட்டு நிமிஷ நடை.

மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: நான் எடுத்தது பழைய அளவு. நாலு மாதம் எடுக்காத உடம்புக்குத் தாங்கும் சக்தி போயிருக்கும். முன்பு சாதாரணமாக இருந்த அளவே மூச்சை நிறுத்திவிடும். விட்டுவிட்டுத் திரும்பத் தொட்டவர்கள் பலர் செத்தது இப்படித்தான். என்னைக் கட்டணக் கழிப்பறைக் கதவை உடைத்துத் தூக்கிப்போனார்கள். செயின் கடைசியில் ஏலத்துக்குப் போனது.

அதனால் அந்தப் பையனை மறுபடி உட்காரவைத்தேன். கடன்காரர்களிடம் அம்மாவோடு போய் மாதம் ஐந்நூறோ ஆயிரமோ தருகிறேன் என்று சொல். சம்பளம் அம்மா கணக்குக்குப் போகட்டும். உனக்குத் தினம் நூறு ரூபாய். இப்போது பணமெல்லாம் போனுக்குள் இருப்பதால் ஜிபேயும் அவர் போனில்தான். ஒரு வருஷத்துக்கு ராத்திரி வேலை வேண்டாம். மீட்டிங் நாளை ஒதுக்கிவிட்டு மீதியில் வேலை தேடு.

இரண்டாவது சுற்றில் எனக்குக் கடன் தீர ஏழு வருஷம் ஆனது. இரண்டு பேர் வாசலில் வந்து கத்தினார்கள். கத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

பையன் லோனை இன்னும் ரத்து செய்யவில்லை. போன செவ்வாய் வந்திருந்தான், இருபது நிமிஷம் லேட்டாக.

டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது

புப்ரினார்பின் எடுப்பவரிடம் "அதுவும் ஒரு போதைதானே" என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். பிரவுன் சுகர் மேலுள்ள ஏக்கத்தை அடக்கி, ஆளை வேலைக்குப் போகும் நிலையில் வைத்திருக்கும் மருந்து அது. திடீரென்று நிறுத்தினால் பழையபடி உடம்பு முறுக்கும், கால் பழைய இடத்துக்கே போகும். எப்போது குறைப்பது என்பதை டாக்டரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். சித்தப்பாவுக்குக் காபி கொடுத்து அனுப்புங்கள்.

கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்

ஒரு வருஷம் போகட்டும். அப்புறம், பெண்ணிடம் முழு உண்மையையும் சொல்லிவிட்டு.

சறுக்கியதை மறைப்பது

சிவப்பு டேக்கைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி முதல் நாளுக்கான வெள்ளை டேக்குக்குக் கை நீட்ட வெட்கமாகத்தான் இருக்கும். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் மூன்று வாரம் மீட்டிங் பக்கம் போகாமல் திரிந்தேன். அந்த மூன்று வாரத்தில் எத்தனை முறை எடுத்தேன் என்று கணக்கில்லை. பிறகு போய்க் கை நீட்டினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

போன் செய்யத் தயங்குவது

14446. போதை மீட்புக்கான தேசிய உதவி எண். கட்டணம் கிடையாது.