வீட்டில் கட்டிய ராக் பக்கி: முதல் ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறைமேல் ஏறி இறங்கவென்றே குழாய்ச் சட்டத்தில் கட்டும் ஃபோர் வீல் வண்டிதான் ராக் பக்கி. வீட்டுக் கராஜில் அப்படி ஒன்றைக் கட்டி முடிக்க ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும். மிச்சம் பிடித்த காசில் டானா 60 என்ற கனரக ஆக்சில் வாங்கி, 1.75 அங்குலக் குழாயை வளைத்து, வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரி உட்கார்ந்து வெல்டிங் அடித்த வண்டி அது. எஞ்சின் முதல்முறை உறுமியதும் அந்த வாரமே பாறைக்குக் கொண்டுபோகக் கை பரபரக்கும். தெற்கு கலிஃபோர்னியாக்காரர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஜான்சன் வேலி பாலைவனத்தில் 2007 முதல் நடந்துவரும் 'கிங் ஆஃப் த ஹாமர்ஸ்' பாறை, பாலைவனப் பந்தயத்தை ஒட்டி நண்பர்கள் கூட்டம் அங்கே கூடாரம் போடும். அதற்குள் வண்டி தயாராகிவிட வேண்டும் என்று தேதி குறித்துவிடுகிறார்கள். நான் முதலில் சொல்லும் தவறே இதுதான். தேதி வைத்துக் கட்டிய வண்டியில் கடைசி வாரத்து வேலைகள் அத்தனையும் அவசர வேலைகளாக இருக்கும். கடைசி வாரத்து வேலைகள் என்னென்ன? பிரேக், ஸ்டீயரிங், வயரிங்.

முதல் ஓட்டத்துக்கு ஒரே நோக்கம்தான். தளர்ந்தது, உரசுவது, கசிவது, திசை மாறிப் பொருத்தியது எல்லாவற்றையும் வண்டி சமதரையில் மெதுவாகப் போகும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். எவ்வளவு ஏறும் என்று பார்ப்பதற்கு வேறு நாட்கள் இருக்கின்றன.

கராஜை விட்டு நகரும் முன்பே செய்யும் தவறுகள்

சஸ்பென்ஷனை அதன் முழு அசைவுக்கும் ஆட்டிப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுப்பதுதான் இவற்றில் பெரியது. நின்றிருக்கும் உயரத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பாறையில் ஒரு சக்கரம் மேலே முட்டிக்கொண்டு இன்னொன்று கீழே தொங்கும்போதுதான் ஹோஸ் இழுபடும், டயர் ஷாக்கில் உரசும். அதனால் ஷாக்கின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஆக்சிலின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் முழுக்க ஏற்றி, மறுபக்கத்தை முழுக்கத் தொங்கவிட வேண்டும். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்ப வேண்டும். அப்புறம் பக்கம் மாற்றி அதையே திரும்பச் செய்ய வேண்டும். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா? சக்கரத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டரான ஸ்டீயரிங் ராம் எஞ்சினின் ஆயில் பேனில் இடிக்கிறதா? புரொப்பெல்லர் ஷாஃப்டின் வழுக்குப் பகுதி முழுக்கத் தொங்கும்போது கழன்று வருகிறதா, முழுக்க அமுங்கும்போது உள்ளே முட்டுகிறதா? அதன் கிராஸ், அதாவது குறுக்கு மூட்டு, எந்தக் கோணத்திலாவது இறுகிப் பிடிக்கிறதா? ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கையே எல்லையாக நம்பி விடுவதும் இங்கேதான் நடக்கிறது. கீழிறங்கும் எல்லைக்கு லிமிட் ஸ்ட்ராப்பும், மேலேறும் எல்லைக்கு பம்ப் ஸ்டாப்பும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் முதல் நாளே ஷாக்கின் உள்பாகம் அடி வாங்கும்.

அடுத்தது, ஒட்டு வெல்டிங்கை மறந்துவிடுவது. எல்லோரும் முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டிவிட்டு, அளவு சரியானதும் முழுசாக அடிப்பார்கள். ஏதோ ஒரு பிராக்கெட், பெரும்பாலும் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது, பொட்டோடு நின்றுவிடும். ஒரு பெயின்ட் மார்க்கர் எடுத்துக்கொண்டு வண்டியின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, பார்த்த ஒவ்வொரு வெல்டிங்கிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள். நட்டு போல்ட்டுக்கும் இதே கதைதான். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கியதும், நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். பின்னால் நட்டு திரும்பினால் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சஸ்பென்ஷன் தண்டுகளின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டுகளான ஹைம் ஜாயின்டுகளின் ஜாம் நட்டுகளை (பூட்டு நட்டுகளை) விட்டுவிடாதீர்கள். அதிகம் தளர்வது அவைதான்.

பெயின்ட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஓட்டத்துக்கு முன் பவுடர் கோட்டிங் போடுவது வீண் செலவு. எப்படியும் சில பிராக்கெட்டுகளை வெட்டி மாற்றி ஒட்டத்தான் போகிறீர்கள். தடித்த பூச்சு வெல்டிங்கில் விடும் மெல்லிய விரிசலையும் மறைத்துவிடும். துருப்பிடிக்கும் என்று பயமாக இருந்தால் மெல்லிசாக பிரைமர் மட்டும் அடியுங்கள்.

இனி ஸ்டாண்டில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பது. ஸ்டாண்டுகளை சேஸிஸுக்குக் கொடுக்காமல் ஆக்சிலுக்குக் கொடுங்கள். அப்போதுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட் உண்மையான கோணத்தில் சுற்றும். நான்கு சக்கரமும் ஒரே திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆக்சிலுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் சிறு பல்சக்கரமான பினியன் மேலே வரட்டும் என்று ஆக்சிலை மேல்கீழாகத் திருப்பிப் பொருத்தியவர்களுக்கு அந்த ஆக்சில் எதிர்த்திசையில் சுற்றும். ஃபோர் வீலில் போட்டதும் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் ஒரு பக்கமும் இழுக்கும். ஸ்டீயரிங்கையும் அப்போதே பாருங்கள். ஆயில் அழுத்தத்தால் மட்டுமே இயங்கும் முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் இரண்டு ஹோஸ்கள் இடம் மாறிவிட்டால் போதும், இடது பக்கம் திருப்பினால் சக்கரம் வலது பக்கம் போகும். ஓடும் வண்டியில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

பிரேக்கை லேசாக எடுத்துக்கொள்வது

மெதுவாகத்தானே போகப்போகிறோம், பிரேக் சுமாராக இருந்தால் போதும் என்ற எண்ணத்தைப் பலரிடம் பார்க்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 2.48. விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அட்லஸ் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் 4.3 என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலில் கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 57 வருகிறது. எஞ்சின் தரும் முறுக்குவிசை அத்தனை மடங்காகித்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. பள்ளத்தின் விளிம்பில் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது உங்கள் பிரேக்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், எத்தனை முறை காற்று எடுத்தும் சரியாகவில்லை என்றால், காலிப்பர்களைப் பாருங்கள். இடது வலது மாறிப் பொருத்தியிருந்தால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும், எவ்வளவு பம்ப் அடித்தாலும் வெளியே வராது. மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால், டிஸ்க் பிரேக்குக்கு லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்கவைக்கும் 2 பி.எஸ்.ஐ ரெசிடுவல் வால்வு வேண்டும். இல்லையென்றால் ஆயில் பின்னோக்கி வடிந்து, ஒவ்வொரு முறையும் முதல் மிதி வெறும் மிதியாகப் போகும்.

நிறுத்தி வைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை பார்க்கில் போட்டுவிட்டோம், வண்டி நகராது என்று நம்பி இறங்குவார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் பார்க் எதையும் பிடிக்காது. கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் அங்கே தொடர்பே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரட்டை லீவர் உள்ள வண்டியில் இது சுலபமாக நடக்கும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரையும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவிடாதீர்கள்.

பெல்ட் இல்லாமல் "சும்மா ஒரு சுற்று"

இதைச் சொல்லும்போது எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. வீட்டு வாசலில்தானே, ஒரு சுற்றுத்தானே என்று ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாமல் ஏறுவது, கூடவே ஆசையாகக் கேட்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது. சோதித்துப் பார்க்காத ஸ்டீயரிங், சோதித்துப் பார்க்காத பிரேக், தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய். முதல் நாள் ஓட்டுநரைத் தவிர யாரும் ஏறக் கூடாது. இதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

பக்கி உருளும்போது பெரும்பாலும் மெதுவாகவே உருளும். அதுதான் ஆபத்தும். வண்டி சாய்வதை உணர்ந்ததும் கை தானாகவே வெளியே போய்த் தரையைத் தாங்கப் பார்க்கும். அப்புறம் முழு வண்டியும் அந்தக் கை மேல். ஜன்னல் வலையையோ கைப்பட்டையையோ முதல் நாளே மாட்டிவிட வேண்டும். தலை படக்கூடிய குழாய்களில் பேடிங் வேண்டும். தோள் பெல்ட்டின் பின்முனை தோள் மட்டத்திலோ, அதிலிருந்து 20 டிகிரிக்குள் கீழாகவோ இருக்க வேண்டும். இடம் கிடைத்தது என்று தரையில் கொண்டுபோய் போல்ட் அடித்தால், இடிபடும்போது பெல்ட் தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அமுக்கும். தீயணைப்பான் பெல்ட் போட்ட நிலையிலேயே கைக்கு எட்ட வேண்டும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எட்ட வேண்டும்.

இடமும் வரிசையும்

ஜான்சன் வேலியில் மீன்ஸ் ட்ரை லேக் என்று ஒரு வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. போட்டி நடக்கும்போது ஹாமர்டவுன் என்ற தற்காலிக ஊர் எழும்புவது அங்கேதான். மற்ற நாட்களில் அது கண்ணுக்கெட்டிய வரை தட்டையான தரை. சாக்லேட் தண்டர், பேக்டோர் போன்ற பாறைத் தடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. முதல் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. தட்டைத் தரையில் மட்டும் நாளைக் கழிக்கும் மன உறுதி இருந்தால்! சாலைப் பதிவு இல்லாத வண்டியைக் கலிஃபோர்னியாவின் பொது நிலத்தில் ஓட்ட பச்சை ஸ்டிக்கர், அதாவது சாலைக்கு வெளியே ஓடும் வண்டிக்கான பதிவு, வேண்டும். எக்ஸாஸ்டில் தீப்பொறி தடுப்பானும் வேண்டும். இவற்றை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

முதலில் நடை வேகத்தில் நேராகப் போய் நிறுத்துங்கள். பிறகு இரண்டு பக்கமும் வட்டம். சரி, பத்து நிமிடம் ஆயிற்றா? இறங்கி எல்லா நட்டையும் பாருங்கள். சக்கர நட்டுகளையும் டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் வளையத்தின் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது கிரவுன் பினியன் போட்டிருந்தால் 15 முதல் 20 நிமிடம் மென்மையாக ஓட்டி, முழுக்க ஆறவிட வேண்டும். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது சூடு அதிகமாகும். அந்தச் சூட்டோடு பாறையில் ஏற்றினால் ஆயில் கருகிப் பற்கள் கெட்டுவிடும்.

பக்கியின் நடத்தை தெரியாததால், பழுதில்லாததைப் பழுது என்று நினைத்துக் கழற்றுவதும் நடக்கிறது. பின் ஆக்சிலில், இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் ஸ்பூல் இருந்தால் வளைவில் டயர் இழுபட்டுத்தான் வரும். முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் தானாக நேராகாது, நீங்கள்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் இதை முதல்முறை உணர்பவர் அரண்டுபோவார். அதனால்தான் வட்டம் போடும் பயிற்சி.

இந்த ஸ்டீயரிங்கைப் பற்றி இன்னும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு எதுவும் கிடையாது, ஆயில் மட்டும்தான். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும், ஸ்டீயரிங் ஏறக்குறைய செத்துவிடும். சரிவில் எஞ்சின் எப்போது நிற்கும்? டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து, வண்டி சாயும்போது உறிஞ்சுகுழாய் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும்போது. முதல் நாள் எடை குறையட்டும் என்று கால் டேங்க் மட்டும் ஊற்றிக்கொண்டு வருபவர்களுக்கு இது புரிவதில்லை. சரிவில் இறங்கும் முன், சமதரையில் ஒரு சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஐடில் தடுமாறாமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். ஆயில் பிரஷர் மீட்டரையும் அதே நேரத்தில் கவனியுங்கள். பக்கச் சரிவில் முள் கீழே விழுந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு ஆயில் பேனைத்தான் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் லைனில், ஜெனரல் மோட்டார்ஸின் வி8 ஆன எல்.எஸ். எஞ்சினுக்கு சுமார் 58 பி.எஸ்.ஐ அழுத்தம் இருக்கும். சிறு கசிவும் பீய்ச்சும். ஓடி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரைப் பின்னால் வைத்த வண்டிகளில் நீளமான கூலன்ட் குழாய்களில் காற்று மாட்டிக்கொள்ளும். கூலன்ட் ஊற்றும் வாய்தான் மொத்த அமைப்பிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும். டர்போ 400 ஆயிலை, சூடான எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கில் போட்டு அளக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு அளந்தால் கிடைப்பது பொய் அளவு.

தட்டைத் தரை, சிறு மேடு, நேரான சரிவு, இவையெல்லாம் தேறிய பிறகுதான் பக்கச் சரிவும் முதல் பாறையும். அப்போதும் இன்னொரு வண்டி கூட இருக்க வேண்டும், பல இடங்களில் செல்பேசிக்கு சிக்னல் இருக்காது. இழுக்கும் கொக்கிகளை முன்னும் பின்னும் சேஸிஸில் உறுதியாக வெல்டிங் செய்த பிறகே வாருங்கள். கொக்கி இல்லாவிட்டால், மாட்டிக்கொண்ட பிறகு டிரெய்லரைக் கோக்கும் இரும்புப் பந்தில் பட்டையை மாட்டி இழுப்பார்கள். அந்தப் பந்து உடைந்து பறந்தால் ஆளைக் கொல்லும். வழிகாட்டி நிற்பவர் வண்டிக்குக் கீழ்ச்சரிவிலோ, வண்டிக்கும் பாறைக்கும் நடுவிலோ நிற்கக் கூடாது.

ஒரே நேரத்தில் பலதை மாற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். ஏற்றத்தில் முன்பக்கம் எழும்பினால் ஷாக்கின் நைட்ரஜன் அழுத்தம், ஸ்பிரிங் இறுக்கம், டயர் காற்று மூன்றையும் சேர்த்து மாற்றுவார்கள். எது உதவியது என்று பிறகு யாருக்கும் தெரியாது. டயரில் 10, 12 பி.எஸ்.ஐ வைத்துத் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி எழுதிவையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கழுவிவிடாதீர்கள். புழுதியோடு அப்படியே ஜாக்கியில் ஏற்றுங்கள். எங்கே உலோகம் பளபளக்கிறதோ அங்கே ஏதோ உரசியிருக்கிறது. எங்கே புழுதி ஈரமாக ஒட்டியிருக்கிறதோ அங்கே ஆயில் கசிகிறது. மார்க்கர் கோடு உடைந்த நட்டுகளைக் குறித்துக்கொண்டு, முதலில் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும், அடுத்து எரிபொருளையும் வயரையும், அதற்கப்புறம் மற்றதையும் சரிசெய்யுங்கள்.