கால்கரியில் தொட்டித் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் கால்கரியில் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் டொரொன்டோவில் இருக்கும் சொந்தக்காரரிடம் யோசனை கேட்பார்கள். இல்லையென்றால் ஊரிலிருந்து வரும் மாடித்தோட்ட வீடியோக்களைப் பார்ப்பார்கள். இரண்டுமே இங்கே அரைகுறையாகத்தான் உதவும். டொரொன்டோவில் ஜூலை மாத இரவு 18 டிகிரி சுமாருக்கு இருக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் கால்கரியில் அதே ஜூலை இரவு 10 டிகிரிக்கு இறங்கிவிடும். பகலில் வெயில் சுள்ளென்று அடிப்பதால் நமக்கு இது உறைப்பதில்லை, செடிக்கு உறைக்கிறது. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரணத் தக்காளி ரகங்களில் பூ காய்க்காமல் உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரத்தைக் கொட்டுவார்கள், இலைதான் செழிக்கும்.

ஆகவே பெரிய தவறு நடப்பது விதை வாங்கும்போதே. பாக்கெட்டில் ‘80 நாள்’ என்று போட்டிருந்தால், தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் அது விதைத்த நாளிலிருந்து எண்ணுவதல்ல, நாற்றை வெளியே நட்ட நாளிலிருந்து எண்ணுவது. ஜூன் முதல் வாரம் நட்டால் 80 நாள் ஆகஸ்ட் கடைசியில் முடியும். அதுவும் இதமான இரவுகளை வைத்துப் போட்ட கணக்கு; இங்கே இன்னும் இழுக்கும். செப்டம்பர் நடுவில் உறைபனி வந்துவிடும், சில வருடம் அதற்கும் முன்பே. 60 நாளுக்குள் காய்க்கும் ரகமாகப் பாருங்கள். நம் ஆல்பர்ட்டா மாகாணத்தின் பீவர்லாட்ஜ் ஆய்வு நிலையத்தில் உருவான சப்-ஆர்க்டிக் பிளென்டி என்ற தக்காளி, தொட்டிக்கு அடக்கமான குட்டைச் செடி. செக் நாட்டு ஸ்டுபிசேயும் குளிரைத் தாங்கிக் காய்க்கும், ஆனால் கொடிபோல உயரும், கம்பு நட்டுக் கட்டவேண்டும். புடலையையும் முருங்கையையும் ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், குழம்புக்கு நம்ப முடியாது.

மே மாத நீண்ட வாரயிறுதி வந்தால் நாற்றுக் கடைகளில் திருவிழாக் கூட்டம். அன்றைக்கே வாங்கி அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே வைப்பது ஒரு தவறு. அடுத்த வாரம் பனி கொட்டினாலும் ஆச்சரியமில்லை. இதற்கு நேர் எதிரான தவறை யாரும் தவறாகவே பார்ப்பதில்லை: பசலை (ஸ்பினாச்), முள்ளங்கி, பட்டாணி, கொத்தமல்லி எல்லாவற்றையும் அந்த நாள்வரை நிறுத்திவைப்பது. இவற்றுக்குக் குளிர்தான் பிடிக்கும், லேசான உறைபனியைத் தாங்கும். ஏப்ரல் கடைசியிலேயே விதைக்கலாம். ஜூனில் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும்போது கொத்தமல்லியும் பசலையும் இலை விடுவதை விட்டுப் பூக்கப் போய்விடும்.

ஜன்னலோரம் வளர்ந்த நாற்றைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாள் பழக்கவேண்டும். காற்றுக்கும் சேர்த்துத்தான்.

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பாதீர்கள். நீர் ஊற்ற ஊற்ற இறுகிப்போய் வேர் மூச்சுவிட முடியாது. பீட்மாஸ் (மக்கிய பாசி), மக்கிய உரம், பெர்லைட் (மண்ணை லேசாக்கும் வெள்ளைக் குருணை) கலந்த தொட்டிக் கலவைதான் சரி. ஒரு தக்காளிக்கு 20 லிட்டர் வாளி வேண்டும். சின்னத் தொட்டி கால்கரியின் வறண்ட காற்றில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். காய்வதும் நனைவதும் மாறிமாறி வந்தால் காயின் அடிப்பக்கம் கறுக்கும். சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டைத் தூவுவதைவிட, ஒழுங்காகத் தண்ணீர் விடுவதே அதற்கு வைத்தியம். குழாய்த் தண்ணீர் இங்கே சில்லென்று வரும், வாளியில் பிடித்துவைத்து மறுநாள் ஊற்றுங்கள்.

தொட்டியின் பெரிய வசதி நகர்த்தலாம் என்பது. அதை மறந்து டெக்கின் நடுவில் அழகுக்கு வைக்கிறார்கள். தெற்குப் பார்த்த சுவரை ஒட்டி வைத்தால் பகலில் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஆலங்கட்டி மழைக்கும் நகர்த்த முடிவது முக்கியம். 2020 ஜூன் 13, 2024 ஆகஸ்ட் 5 ஆலங்கட்டி மழை இரண்டையும் பார்த்த வடகிழக்குக் கால்கரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டுச் சுவரே பொத்தலாகும்போது தக்காளி எம்மாத்திரம்! எச்சரிக்கை வந்ததும் கராஜுக்குள் தள்ளக்கூடிய எடையில் தொட்டி இருக்கட்டும். அடியில் சக்கரப் பலகை போட்டால் இடுப்பு தப்பும்.

ஆகஸ்ட் நடுவில் நுனியைக் கிள்ள மனம் வராமல் விடுவார்கள். அதற்குப்பின் பூக்கும் பூ காயாகிப் பழுக்க நாள் இல்லை. நுனியையும் புதுப் பூக்களையும் கிள்ளிவிட்டால் இருக்கிற காய் பெருக்கும். இரவு 3, 4 டிகிரி என்று வானிலை சொன்னால் பச்சைக் காய்களைப் பறித்து, அறைச் சூட்டில் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். பழுக்க வெயில் வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுக்காது. மிளகாய்ச் செடியைப் பாதியாக வெட்டி, பூச்சி இருக்கிறதா என்று இலைக்கு அடியில் பார்த்துவிட்டு, தொட்டியோடு உள்ளே கொண்டுவந்தால் அடுத்த ஜூனில் புது நாற்றைவிடச் சீக்கிரம் காய்க்கும்.