செகண்ட் ஹேண்ட் ராணுவ பூட்ஸ் வாங்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவோடு கிண்டர் ஸ்கவுட் மலை ஏறினேன். உச்சி கல்லும் புல்லுமாக இருக்கும் என்று நினைத்தால், மேலே முழுக்க பீட் எனும் கறுப்புச் சேறு. ஒரு கால் முழங்கால் வரை இறங்கியது; இழுத்தபோது கால் வந்தது, ஷூ வரவில்லை. அடுத்த சனிக்கிழமை, ராணுவம் கழித்துப்போட்ட சாமான்கள் விற்கும் கடையில் 25 பவுண்டு கொடுத்து ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் வாங்கினேன். பதினோரு வருடமாக அதே ஜோடிதான் ஓடுகிறது. நடுவில் வேறு இரண்டு ஜோடிகளை என் முட்டாள்தனத்தால் கெடுத்தும் இருக்கிறேன். கீழே சொல்வதில் பாதி அந்த இரண்டும் கற்றுக்கொடுத்தது. மீதி, திண்டுக்கல் பேகம்பூரில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், முப்பது வருடம் வேலை பார்த்த அப்பா போனில் திட்டித் திட்டிச் சொன்னது.

கடையில் எல்லாரும் முதலில் மேல்தோலைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் பூட்ஸைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தோல் காய்ந்திருந்தால் ஓரளவு மீட்டுவிடலாம். சோல் போனால் பெரும்பாலும் பூட்ஸே போச்சு. அதிலும் பாலியூரிதேன் எனும் பிளாஸ்டிக் வகைச் சோலிடம் ஜாக்கிரதை. காற்றில் உள்ள ஈரமே அதை உள்ளுக்குள் சிதைக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். சொல்லப்போனால் போடாமல் வைத்ததுதான் சீக்கிரம் போகிறது. வேறொரு நாட்டு ராணுவத்தின் ஜோடி ஒன்றை, 'ஒருநாளும் போடாதது' என்ற அட்டையைப் பார்த்து மயங்கி வாங்கினேன். மூன்றாவது நடையில் ஹீல், ஊறிய ரஸ்க் மாதிரி துண்டு துண்டாக உதிர்ந்தது. ஐந்து மைல் தூரத்தை ஒரு கால் உயரமாகவும் ஒரு கால் தாழ்வாகவும் நடந்து முடித்தேன். அதனால் சோலின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பூட்ஸை இரு கையாலும் நன்றாக வளையுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ, மெல்லிய விரிசல் விட்டாலோ கீழே வைத்துவிட்டு நகருங்கள். ரப்பர் சோலுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்தது தோல். உள்ளே கைவிட்டு, விரல்கள் மடங்கும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். நெளி நெளியாகச் சுருக்கம் விழுந்து, விட்டதும் மறைந்தால் நல்ல தோல். மடிப்பில் தலைமுடி அகலத்துக்கு வெடிப்பு தெரிந்தால் எந்த எண்ணெயும் அதை ஒட்டவைக்காது. பாலிஷை அப்பி வெடிப்பை மறைத்து விற்பதும் உண்டு, ஆகவே ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பாருங்கள். உள்பக்கம் குதிகால் லைனிங்கில் ஓட்டை இருந்தாலும் வேண்டாம். அந்த ஓட்டை உங்கள் காலில் கொப்புளமாக வந்து நிற்கும்.

ராணுவ மாடலில் செய்த கடைச் சரக்கும் 'ஆர்மி பூட்ஸ்' என்ற பெயரில்தான் விற்கிறது. அசலில் நேட்டோ ராணுவக் கூட்டணியின் 13 இலக்கச் சரக்கு எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் 8430 என்றால் ஆண்கள் காலணி. அடுத்த இரண்டு இலக்கம் நாட்டைச் சொல்லும்: 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. பிரிட்டிஷ் சரக்கில் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறி ஒன்றையும் பல சமயம் பார்க்கலாம். அளவு 270எம் என்கிற மாதிரி இருந்தால் பதறவேண்டாம். 270 என்பது மில்லிமீட்டரில் உங்கள் பாதத்தின் நீளம், எம் என்பது நடுத்தர அகலம். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தாளின் மேல் நின்று கோடு போட்டு அளந்துகொண்டு போங்கள். எனக்கு வலது கால் 4 மில்லிமீட்டர் பெரிது. நாற்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

பிரிட்டிஷ் பூட்ஸிலேயே எதை எடுப்பது? ஆணி அடித்த தோல் சோலோடு வரும் அம்யூனிஷன் பூட்ஸ் அணிவகுப்புக்கு அழகு, டைல்ஸ் தரையில் வழுக்கி விழுவதற்கும் தோது. டிஎம்எஸ் எனும் குட்டையான பூட்ஸ் சேற்றுக்கு ஆகாது. 1982 ஃபாக்லாந்து போரில் அதையும் கணுக்காலில் சுற்றும் பட்டியையும் போட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்த சிப்பாய்கள் பலருக்குக் கால் ஊறி நோய் வந்தது. அதன் பிறகுதான் உயரமான காம்பாட் ஹை பூட்ஸ் வந்தது. பின்னால் அசால்ட் பூட்ஸ். 2012-ல் பிரிட்டிஷ் ராணுவம் பழுப்பு நிறத்துக்கு மாறியது. கறுப்பு ஜோடிகள் மலிவாக வெளியே வந்தன, என்னுடையதும் அந்த அலையில் வந்ததுதான். இவற்றில் சோலைத் தைக்காமல் நேரடியாக வார்த்து ஒட்டியவை அதிகம். அவற்றுக்குப் புதுச் சோல் போடுவது கஷ்டம், ஆகவே அடியில் எவ்வளவு பள்ளம் மிச்சம் என்பதுதான் மிச்ச ஆயுள். இன்னொன்று, இவற்றின் முனையில் இரும்பு கிடையாது. நான் வேலை செய்யும் கிடங்குக்கு இதைப் போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது சரியும்கூட.

வாங்கியாச்சு. இனி பழக்குவது. வெந்நீர்த் தொட்டியில் பூட்ஸோடு உட்கார், மூத்திரம் ஊற்றி ஒரு ராத்திரி வை என்றெல்லாம் யோசனை சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் வேண்டாம். முதல் வாரம் வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு திரியுங்கள். நான் சமைக்கும்போது போட்டுக்கொள்வேன். குழம்பு கொதிப்பதற்குள் எங்கே உறுத்துகிறது என்று தெரிந்துவிடும். உள்ளே மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன் மேல் தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று. அப்போது உரசல் இரண்டு துணிக்கும் நடுவில் நடக்கும், உங்கள் கால் தோலுக்கு வராது. மாடிப்படியில் இறங்கும்போது விரல்கள் முனையில் இடித்தால் அளவு சிறியது. பழகப் பழகச் சரியாகும் என்று நினைக்காதீர்கள். தோல் அகலத்தில் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. பழைய ஜோடி என்றால் உள் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், அதில் முந்தைய ஆளின் பாதம் பதிந்திருக்கும்.

பெரும்பாலும் கடிப்பது கணுக்காலுக்குப் பின்னால், தசைநாண் ஓடும் இடத்தில். அந்த மடிப்பில் மட்டும் டப்பின் எனும் தோல் கிரீமைக் கொஞ்சம் தடவி, கழுத்துப் பகுதியைக் கையால் சுருட்டிச் சுருட்டி விடுங்கள், சப்பாத்தி மாவைப் பிசைகிற மாதிரி. முதல் பத்து நாள் மேலே உள்ள இரண்டு லேஸ் ஓட்டைகளை விட்டுவிட்டுக் கட்டுங்கள். வெளியே நடக்கும்போது ஓரிடம் சூடாகத் தெரிந்தால் அங்கேயே நின்று துணிப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். இன்னும் ஒரு மைல்தானே என்று நடந்தால் கொப்புளம் உறுதி. மூன்று மைல், ஐந்து மைல் என்று ஏற்றிக்கொண்டு போனால் ஒரு மாதத்தில் பூட்ஸ் உங்களுடையதாகிவிடும்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தப்பு ரேடியேட்டர். நனைந்த ஜோடியை ராத்திரி அதன் மேல் வைத்தேன். காலையில் முனை இரண்டும் மேல்நோக்கி வளைந்து, தட்டினால் பலகைச் சத்தம். அப்பாவிடம் சொன்னதும், "ஈரத்தோலை எவன்டா அடுப்புல காட்டுவான்?" என்றார். ஈரமான தோல் சூடு பட்டால் சுருங்கும். சுருங்கியது திரும்ப விரியாது. அதற்கப்புறம் முறை மாறவில்லை: வந்தவுடன் பிரஷ்ஷால் சேற்றைத் தள்ளி, வெறும் தண்ணீரில் கழுவுவேன். பீட் சேறு அமிலத்தன்மை கொண்டது, காயவிட்டால் தோலுக்குக் கெடுதல். லேஸை உருவி, நாக்கை வெளியே இழுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுவேன். பிறகு காற்றோட்டமான மூலையில் இரண்டு நாள்.

லேசாக ஈரம் மிச்சம் இருக்கும்போதே கிரீம் தடவினால் நன்றாக இழுக்கும். டப்பின் என்பது கொழுப்பும் எண்ணெயும் மெழுகும் கலந்தது. குளிர்காலத்துக்கு இரண்டு தடவை, மெல்லிசாக, தையல் ஓரத்தில் போதும். அதிகமானால் தோல் தொளதொளத்து கணுக்காலைத் தாங்காது. தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுக்காதீர்கள், நானும் எடுத்துப் பார்த்தவன்தான். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். இங்கே மார்கழிக் குளிரில் பூட்ஸ் முழுக்க வெள்ளைத் திட்டாக நின்றது.

பாலிஷுக்கு ஊரிலும் இங்கும் கிவியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் அதன் விற்பனையை நிறுத்தப் போவதாக 2023-ல் செய்தி வந்தது. இப்போது கைக்குக் கிடைக்கும் எந்த மெழுகு பாலிஷும் சரி. ஆனால் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பது அணிவகுப்புக்கு. மடிப்பில் மெழுகு கெட்டியானால் நடக்கும்போது செதில் செதிலாக உடையும்.

சென்னையில் இருக்கும் தம்பிக்கு ஒரு ஜோடி அனுப்பினேன். பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோவுக்குள் வைத்தான்; ஐப்பசி மழை முடிந்து எடுத்தபோது பச்சைப் பூஞ்சை. வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, நிழலில் காயவைத்து, கிரீம் தடவச் சொன்னேன். பிழைத்துக்கொண்டது. இப்போது துணிப்பையில் போட்டு கட்டிலுக்கு அடியில் வைக்கிறான், மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுகிறான்.